ரெண்டும் ஒண்ணும்

ரெண்டும் ஒண்ணும் மூணுதானே, இதில் யோசிக்க என்ன கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டேதான் பூரணம் கோவில்பட்டியில் சாத்தூர் பஸ் ஏறினாள். ஆனால் ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் அந்த மூணு மறுபடி ரெண்டாகவும் ஒண்ணாகவும் பிரிந்துகொண்டது. காலை பத்து மணிக்கு, சத்துணவுக் கூடத்தில் அரிசி உலையில் விழுந்து முதல் கொதி வரும் நேரத்தில், இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது, நின்றது, உடனே இன்னொரு தடவை அடித்தது, நின்றது. மகள் முத்துச்செல்விதான். அது ரெண்டு. பிறகு இருபது நிமிஷம் சத்தமே இல்லை. முட்டை வெந்து, தக்காளி வதங்கி, சோற்றைக் கிளறப்போன சமயத்தில் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. அது ஒண்ணு. அறுபத்திரண்டு பிள்ளைகளுக்கான சோறு வெந்தும் வேகாமலும் கிடக்க, கரண்டியை உதவியாளர் அந்தோணியம்மாளின் கையில் திணித்துவிட்டு, கேட்டதற்குப் பதிலும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பதினோரு வருஷ வேலையில் பாதிச் சமையலில் எழுந்து வந்தது இதுதான் முதல் தடவை. அமைப்பாளர் டீச்சர் நாளைக்குக் கேட்பார், கேட்கட்டும். உப்பு போட்டோமா இல்லையா என்பது வேறு ஞாபகத்துக்கு வரவில்லை. போட்டிருந்து, அந்தோணியம்மாளும் போட்டால் பிள்ளைகள் வாயில் வைக்க முடியாது, போடாமல் இருந்து அவளும் போடாவிட்டால் அதுவும் ஆகாது. இப்போது உப்பைப் பற்றி யோசிக்கிற நேரமா என்று தன்னையே ஒரு அதட்டுப் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கணக்கு போன ஆடியில் பேசிவைத்தது. வைகாசியில் கல்யாணமாகி, ஆடிக்குத் தாய்வீடு வந்த மகளைத் திரும்ப அனுப்ப இதே பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது, முத்து பையின் வாரைத் திருகிக்கொண்டே, சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். "தினம் பத்து மணிக்கு அத்தை குளிக்கப் போவாக. அப்ப அடிப்பேன். எடுத்துராதம்மா, பேச முடியாது. ஒண்ணு அடிச்சா நல்லாருக்கேன்னு அர்த்தம். ரெண்டு அடிச்சா அத்தை பக்கத்துல இருக்காக, நீ கூப்பிட்டுராதன்னு அர்த்தம்." பூரணம் ஒரு புது ரசத்துக்குச் செய்முறை கேட்கிறவளைப் போலத் தலையாட்டினாள். "மூணு அடிச்சா?" என்று அவளாகத்தான் கேட்டாள். முத்து பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "மூணு அடிச்சா வாம்மா." எதுக்கு வரணும் என்று அந்த நிமிஷமே கேட்டிருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது, கூட்டம் ஏறியது, மகளும் ஏறினாள், கீழே நின்றுகொண்டு இந்தத் தாய் கேட்ட கேள்வி, ஜன்னல் சீட்டு கிடைச்சுதா என்பது. கிடைத்தது என்று முத்து கையைக் காட்டினாள். ஜன்னல் சீட்டு கிடைத்த மகள் நன்றாகத்தான் இருப்பாள் என்ற நிம்மதியோடு பூரணம் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதை நினைத்தால் இப்போது நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதால் அடித்துக்கொள்ளவில்லை.

எட்டு மாசம். நாள் தவறாமல் பத்து மணிக்கு ஒண்ணு. எப்போதாவது ரெண்டு. அந்த ஒண்ணு வந்தால்தான் பூரணத்துக்கு மேற்கொண்டு வேலை ஓடும். பத்தரை வரை வராவிட்டால் சாம்பாரில் புளி தூக்கலாகிவிடும், பிள்ளைகளுக்கே அது பழகியிருந்தது. ஆனால் எல்லாவற்றையும் பேசிவைத்த இரண்டு பேரும் ஒன்றை மட்டும் பேசிவைக்கவில்லை. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எவ்வளவு நேரம் போனால் அது வேறு கணக்கு? அஞ்சு நிமிஷமா, அரை மணியா? கண்டக்டர் விசிலை ஊதினார், நாலைந்து பேர் இறங்கினார்கள், இரண்டு தடவை ஊதினார், பஸ் கிளம்பியது. ஒண்ணு என்றால் நிறுத்து, ரெண்டு என்றால் போ. நிறுத்தச் சொல்லி ஒண்ணு ஊதி, பஸ் நின்று, அப்புறம் ரெண்டு ஊதினால் அதை மூணு என்று எந்த டிரைவராவது எண்ணுவானா? மாட்டான். ஸ்டாப் தெரிகிறது, இறங்குகிறவன் தெரிகிறான், ஏறுகிறவள் தெரிகிறாள், கண்ணாடியில் எல்லாம் தெரிகிறது. பூரணத்துக்கு என்ன தெரிந்தது? கொதிக்கிற உலை தெரிந்தது. முத்து எங்கே நின்று அடித்தாள், கொல்லையிலா, குளியலறையிலா, கை நடுங்கியதா, கதவை யாராவது தட்டினார்களா, ஒன்றும் தெரியாது. சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன எண்ணுவது? விரலை மடக்கிப் பார்த்தாள். ரெண்டு மடக்கினாள், நிறுத்தினாள், ஒண்ணு மடக்கினாள். மூன்று விரல்தான் மடங்கியிருந்தது. பக்கத்துச் சீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மந்திரமா?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன் அடித்ததும் இடுப்பிலிருந்து அவசரமாக உருவிப் பார்த்தாள். முத்து இல்லை, வெள்ளைச்சாமி. ஸ்பின்னிங் மில்லில் ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிற அவள் புருஷனை அந்தோணியம்மாள் எழுப்பிவிட்டிருந்தாள். "ஏ பூரணம், எங்க இருக்க?" "சாத்தூர் பஸ்ல." "முத்து பேசுனாளா?" "பேசல. அடிச்சா." "எத்தனை?" தாயும் மகளும் விளையாடுகிற ஏதோ விளையாட்டு என்றுதான் அவர் இத்தனை நாள் அதைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார். அவர் எண்ணிக்கை கேட்டதே இவளுக்கு ஆச்சரியம். "ரெண்டு. பொறவு இருபது நிமிசம் கழிச்சு ஒண்ணு." "அட, அப்ப நல்லாத்தான் இருக்கா! மொதல்ல சம்பந்தியம்மா பக்கத்துல இருந்திருப்பாக, அதான் ரெண்டு. அவுக அங்கிட்டுப் போகவும் நல்லாருக்கேன்னு ஒண்ணு அடிச்சிருக்கா. இதுல என்ன இருக்கு? மூணுன்னா சேர்ந்தாப்ல அடிக்க மாட்டாளா?" "அடிக்க முடியாம இருந்தா?" "நீ பாட்டுக்குச் சொல்லாம கொள்ளாம போயி நின்னா அவுக என்ன நினைப்பாக? இவ என்னமோ சொல்லி அனுப்பியிருக்கான்னு நாளைப்பின்ன அந்தப் பிள்ளையத்தான் குத்துவாக. நீ வந்துட்டுப் போயிருவ, அங்க இருக்கப்போறது அவ." அவரே மேற்கொண்டு சொன்னார். "போறதுதான் போற, ரெண்டு சீப்புப் பழம் வாங்கிக்க. மல்லிகைப்பூ வாங்கிக்க. சாத்தூர்ல ஒரு காதுகுத்துக்கு வந்தேன், அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்னு சொல்லு." "செவ்வாக்கிழமையில எவன் வீட்டுல காது குத்துறான்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் ஆத்திரமாக இருந்தது. அவர் கணக்கும் சரியாகத்தான் பொருந்துகிறது. இந்தப் பத்து மாசமாக அவள் மகள் விஷயத்தில் எல்லாமே சரியாகப் பொருந்திக்கொண்டே வந்திருக்கிறது. போன வருஷம் சம்பந்தம் பேச, இப்போது முத்துவுக்கு மாமியாராகிவிட்ட குருவம்மாள் வீட்டுக்குப் போனபோது, வாசலில் செருப்புகள் கோடு போட்ட மாதிரி வரிசையாக இருந்தன. உள்ளே ஒரு பாத்திரம் உருளும் சத்தம் இல்லை, ஒரு பிள்ளை ஓடவில்லை, மாப்பிள்ளை ராஜபாண்டி அம்மா சொன்ன இடத்தில் உட்கார்ந்து அம்மா சொன்னபோது எழுந்தான். திரும்பி வரும்போது பூரணம் பஸ் முழுக்கப் புகழ்ந்துகொண்டு வந்தாள், என்ன ஒழுங்கான குடும்பம், என்ன அமைதி, நம்ம வீடு மாதிரியா, சந்தைக்கடை. செருப்பு வரிசையாக இருந்தால் ஒழுங்கு என்றுதான் அவள் படித்தாள். வீட்டில் ஒருத்திக்கு மற்ற எல்லோரும் பயந்து கிடந்தாலும் செருப்பு அப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. ஊரில் எல்லோரும் அவளைச் சூட்டிகையான பொம்பளை என்பார்கள். சோறு வெந்ததா என்று கொதிக்கிற சத்தத்தை வைத்தே சொல்லுவாள், வாசலில் வேப்பிலையைப் பார்த்தால் அது அம்மை கண்ட வேப்பிலையா கோயில் கொடைவிழா வேப்பிலையா என்று தெருமுனையில் நின்றே சொல்லுவாள். பெற்ற மகள் வீட்டு வாசலில்தான் கோட்டைவிட்டாள்.

பழம் வாங்கலாமா? சாத்தூரில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டிலேயே தள்ளுவண்டி நிற்கும். இரண்டு சீப்புப் பழமும் நாலு முழம் பூவும் கையில் இருந்தால் அவள் விருந்தாளி. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். குருவம்மாள் பழத்தை வாங்கி உள்ளே வைப்பாள், காப்பி வரும், முத்து தலையில் பூ ஏறும், எல்லோரும் எல்லோரையும் நல்லாருக்கீங்களா என்று கேட்பார்கள், அரை மணியில் பஸ் ஏறிவிடலாம். சம்பந்தி வீட்டு வாசலில் தாய் வெறுங்கையோடு நின்றால் அது வேறு. ஒன்று சாவு சொல்ல வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சண்டை போட வந்திருக்க வேண்டும், மூன்றாவதாக ஒன்று அந்தப் பக்கத்தில் கிடையாது. அதனால் பழம் வாங்குவதுதான் புத்தி. மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், மூஞ்சியைப் பார்த்தால் சொல்லிவிட மாட்டேனா என்று நினைத்தாள், ஆனால் பொங்கலுக்கு வந்திருந்தபோதும் மகளைப் பார்க்கத்தான் செய்தாள், மூன்று நாள் விடாமல் பார்த்தாள்.

பொங்கலுக்கு வந்த முத்துவின் இடது கையில் வளையல் இல்லை. "என்னடி கை மொட்டையா இருக்கு?" "தண்ணி எடுக்கையில குடம் இடிச்சு ஒடைஞ்சிட்டும்மா." வளையல் உடைவது நடக்கிறதுதான். பூரணம் அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு டஜன் பச்சை வளையல் வாங்கி வந்து, முற்றத்தில் உட்காரவைத்துத் தானே போட்டுவிட்டாள். மணிக்கட்டுக்கு மேலே ஏற்றும்போது முத்து உதட்டைக் கடித்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது. அளவு சின்னதாகப் போய்விட்டது என்று நினைத்தாள் பூரணம். உள்ளே போய்ச் சோப்பை எடுத்து வந்து, தண்ணீர் தொட்டு மகள் கையில் நுரை வரத் தேய்த்து, பன்னிரண்டு வளையலையும் ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஏற்றும்போது பழைய கதை ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டும் இருந்தாள். அந்தக் கை வீங்கியிருந்தது. இப்போது தெரிகிறது, விரலுக்கு அடியில் இப்போது அந்த வீக்கம் தெரிகிறது, சோப்பு நுரைக்குக் கீழே மெத்தென்று சூடாக இருந்த அந்த இடம். பிடித்த கைக்குத் தெரிந்திருக்கிறது, மனசுக்குத்தான் தெரிய வேண்டாமாக இருந்திருக்கிறது. பஸ் என்றும் பாராமல் பூரணத்துக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பக்கத்து அம்மாள் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள், பூரணம் வாங்கிக் குடித்தாள்.

குடித்துவிட்டு மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் முன்சீட்டில் ஒரு பெண் போனில் பேசுவது காதில் விழுந்தது. ஏறியதிலிருந்தே பேசிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. நேற்று வைத்த குழம்பு, தம்பிக்கு வந்த சளி, மாமியார் சொன்ன ஒரு சொல்லுக்கு இவள் திருப்பிச் சொன்ன ஒன்பது சொல், ஒன்று விடாமல் யாரிடமோ, அம்மாவிடமாகத்தான் இருக்க வேண்டும், சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பூரணம் அவள் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் இந்தக் காலத்தில் அடித்து நிறுத்துகிறார்கள்? ஒரு காலத்தில் காசை மிச்சம் பிடிக்க அடித்து நிறுத்தினோம், வந்து சேர்ந்தேன் என்றால் ஒரு தடவை, ஆள் அனுப்பு என்றால் இரண்டு தடவை. இப்போது மாசத்துக்கு ஒரு தடவை காசு போட்டால் விடிய விடியப் பேசலாம். முத்துவின் போனுக்கு ராஜபாண்டி மாசம் தவறாமல் போடுகிறான். பேசக் காசு இருக்கிறது, நேரம் இருக்கிறது, பேசத்தான் முடியவில்லை. நன்றாக இருக்கிற மகள் நல்லாருக்கேன் என்று வாயால் சொல்லுவாள். அதற்கு எதற்கு ஒண்ணு? கல்யாணமாகி இரண்டே மாசத்தில் ஒரு பெண் தன் தாயிடம் எண்ணிக்கை பேசிவைக்கிறாள் என்றால், அன்றைக்கே, அந்த பஸ் ஸ்டாண்டிலேயே, அவள் மூணையும் அடித்துவிட்டாள். எட்டு மாசமாக வந்த ஒவ்வொரு ஒண்ணும் அதே மூணுதான். பூரணம்தான் தினமும் காலையில் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாம்பாரைத் தாளித்திருக்கிறாள். இன்றைக்கு ரெண்டா மூணா என்பதை இனி எண்ணவே வேண்டியதில்லை. ஒரு அடிகூட வராமல் இருந்திருந்தாலும் போகத்தான் வேண்டும். இது புரிந்ததும் அழுகை நின்றுவிட்டது. ரொம்ப நாளாகத் தலையில் சுமந்த எதையோ இறக்கி வைத்த மாதிரி முதுகு நிமிர்ந்தது, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

சாத்தூரில் இறங்கியபோது தள்ளுவண்டி நின்றது. பழக்காரர் சீப்பைத் தூக்கிக் காட்டி, "நாட்டுப்பழம்கா, விருந்துக்குக் கொண்டுபோக நல்லாருக்கும்" என்றார். கால் ஒரு நொடி தயங்கத்தான் செய்தது, பழக்கம் என்பது லேசில் விடுகிறதா. "விருந்துக்குப் போகல" என்று அவரிடம் சொன்னாள், தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டாள், நடந்தாள். மூன்று தெரு. நடக்க நடக்கப் பயம் போகவில்லை, கூடவே வந்தது. கதவு பூட்டியிருந்தால்? மகளே வந்து, என்னம்மா, எதுக்கு வந்தே, நான் நல்லாத்தானே இருக்கேன் என்று சொல்லிவிட்டால்? சொன்னால் சொல்லட்டும். வாசலில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க அவளால் முடியும்.

கதவு திறந்துதான் கிடந்தது. முன்னறையில் குருவம்மாள் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தவள் கண் நேராகப் பூரணத்தின் கைக்குப் போனது, வலது கை, இடது கை, பிறகுதான் முகத்துக்கு வந்தது.

"வாங்க மதினி. என்ன திடீர்னு? ஒரு போன்கூடப் போடல?"

அடுப்படி வாசலில் முத்து வந்து நின்றாள். அவளும் அம்மாவின் கையைத்தான் பார்த்தாள். பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"முத்துவக் கூட்டிட்டுப் போக வந்தேன் மதினி."

"எதுக்கு? வீட்டுல யாருக்கும் முடியலையா?"

வழி தானாகத் திறந்துவிட்டது. அவருக்கு நெஞ்சுவலி என்று ஒரு சொல் சொன்னால் போதும், குருவம்மாளே பையை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவாள். அந்தச் சொல் பூரணத்தின் நாக்கு நுனி வரை வந்தது. அதை மென்று விழுங்கினாள்.

"எல்லாரும் நல்லாருக்கோம். எம்மக நல்லா இல்ல. அதான் கூட்டிட்டுப் போறேன்."

குருவம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "யார் சொன்னா? இவ சொன்னாளா? போன்ல சொன்னாளா?"

"யாரும் சொல்லல. நான் சொல்லுறேன்."

"அவன் இல்லாத நேரத்துல, அவங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி அனுப்புறது?"

"மாப்பிள்ளை வந்தா அங்க வரச் சொல்லுங்க. பேசுவோம்." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். பிறந்ததிலிருந்து இந்தப் பெண்ணிடம் நேராக எதையாவது கேட்டிருக்கிறோமா என்று அப்போது தோன்றியது. "முத்து, வர்றியாடி?"

முத்து அத்தையைப் பார்த்தாள். அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வர்றேம்மா" என்றாள் முத்து. உள்ளே போகவில்லை, பை எடுக்கவில்லை. போனை மட்டும் கையில் பிடித்தபடி முன்னறையைக் கடந்து வந்து செருப்பை மாட்டினாள்.

தெருவில் இருவரும் வேகமாக நடந்தார்கள். பின்னால் குருவம்மாள் யாருக்கோ போன் போடும் சத்தம் கேட்டது. ரெண்டா மூணா என்று பூரணம் கேட்கவில்லை, முத்துவும் சொல்லவில்லை. டீக்கடை முக்கு திரும்பும்போது பூரணத்தின் போன் அடித்தது. எடுத்ததும், "என்னாச்சு பூரணம், பாத்தியா? நான் சொன்ன மாதிரி நல்லாத்தானே இருக்கா?" என்று வெள்ளைச்சாமியின் குரல் வெளியில் கேட்கிற அளவுக்கு வந்தது. பூரணம் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் முத்து கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா." டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "நான் நல்லா இல்லப்பா."

அந்தப் பக்கம் வெள்ளைச்சாமி கட்டிலை விட்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

"எந்த பஸ்ஸுல வர்றீங்க? நான் ஸ்டாண்டுல வந்து நிக்கேன்."